காப்பு நகல் இருக்கிறது, மீட்க முடியுமா?

பெரிய தரவுத்தளங்களைப் பாதுகாக்கத் திட்டமிடுதல்: வகுப்பறைக்கும் பள்ளி அலுவலகத்திற்கும் ஒரு பாடம்

பட்டதாரி ஆசிரியர் (கணிதம்), செம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்

காலையில் வருகைப்பதிவைச் செயலியில் ஏற்றுவது முதல் மாற்றுச் சான்றிதழ் வழங்குவது வரை நம் பள்ளிப் பணியின் பெரும்பகுதி இன்று எமிஸ் வழியாகவே நடக்கிறது. மாணவரின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம், படித்த பள்ளிகள், பெற்ற நலத்திட்டங்கள் எல்லாம் ஒரே தனித்த எண்ணின் கீழ் சேர்கின்றன. மாநிலம் முழுவதற்குமான இத்தகைய பதிவுகளின் தொகுப்பைத்தான் மிகப்பெரிய தரவுத்தளம் என்கிறோம்.

செம்பட்டி நாலா பக்கமும் பேருந்து மாறும் ஊர். எங்கள் பகுதியிலிருந்து திருப்பூர் பனியன் வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. ஓரிரு ஆண்டில் திரும்பி வருகிறவர்களும் உண்டு. இப்படி ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகளில் மூன்று பள்ளி மாறும்போது, கூடவே தவறாமல் வருவது அந்த எண்ணும் அதற்குப் பின்னால் இருக்கும் பதிவும்தான். அந்தப் பதிவு காணாமல் போனால் இழப்பு கணினிக்கு இல்லை, அந்தக் குழந்தைக்கு. ஆகவே தரவுத்தளம் எப்படிப் பாதுகாக்கப்படுகிறது என்பதைக் கணினி ஆசிரியர்கள் மட்டுமல்லாமல், பதிவுகளைக் கையாளும் நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. 8 முதல் 12ஆம் வகுப்பு வரை கணக்குப் பாடத்தோடும் கணினிப் பாடத்தோடும் இணைத்துக் கற்பிக்க ஏற்ற பொருளும் இதுவே.

கற்றல் விளைவுகள்

- காப்பு நகலின் நோக்கம் நகலெடுப்பதல்ல, மீட்பதே என்பதை உணர்தல்.
- தரவின் அளவு, வேகம், நேரம் ஆகியவற்றைக் கணக்கிடுதல்.
- முழு நகல், வேறுபாட்டு நகல், மாற்றக் குறிப்பேடு ஆகியவற்றை வேறுபடுத்தி அறிதல்.
- பள்ளிப் பதிவுகளுக்கு ஓர் எளிய மீட்புத் திட்டம் எழுதுதல்.

அளவு பெரிதானால் என்ன மாறுகிறது?

பள்ளியில் நாம் தயாரிக்கும் மதிப்பெண் கோப்பு சில மெகாபைட்டுதான். பென் டிரைவில் ஒரு நொடியில் நகலாகிவிடும். இதே வழக்கத்தை மிகப்பெரிய தரவுத்தளத்துக்கும் பொருத்திப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. இதைச் சொல்லி விளக்குவதைவிட மாணவர்களைக் கணக்கிடச் செய்வது நல்லது.

ஒரு தரவுத்தளத்தின் அளவு 10 டெராபைட், அதாவது 1 கோடி மெகாபைட் என்று கொள்வோம். நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 200 மெகாபைட். ஆகும் நேரம் 50,000 நொடி. ஏறத்தாழ 14 மணி நேரம். இரவு 10 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் நண்பகல் ஆகிவிடும். பயனர்கள் குறைவாக இருக்கும் இரவு நேரமோ 8 மணி நேரம்தான். தினமும் இரவில் முழுவதையும் நகலெடுக்கலாம் என்ற எண்ணம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

மீட்பதற்கும் குறைந்தது இதே நேரம் தேவை. கோளாறு நடந்த நாளில் 14 மணி நேரம் எல்லோரும் காத்திருக்க வேண்டும். நகல் வேறு ஊரில் இருந்து, அதை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் கொண்டுவர வேண்டுமென்றால்? 8 பிட் ஒரு பைட் என்பதால் வேகம் நொடிக்கு 12.5 மெகாபைட்டாகச் சுருங்கும். நேரம் 8 லட்சம் நொடி. ஒன்பது நாளுக்கும் மேல்! பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் மறக்காமலிருக்க இந்த ஒரு கணக்கு போதும்.

ஆக, தரவு பெரிதாகும்போது சிக்கல் இடத்தைவிட நேரத்தில்தான் அதிகம். இதைக் குறைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, பிரித்தல். ஒரே நீளமான வேலையை நான்காகப் பிரித்து, நான்கு வழிகளில் ஒரே சமயத்தில் நகலெடுத்தால், வட்டுகளும் இணைப்பும் ஈடுகொடுக்கும் நிலையில், 14 மணி நேரம் மூன்றரை மணி நேரமாகக் குறையும்.

இரண்டாவது, பழையதைத் தனியே வைத்தல். கடந்த கல்வியாண்டுகளின் வருகைப்பதிவு இனி மாறாது. 10 டெராபைட்டில் 8 டெராபைட் இப்படி மாறாத பழைய பதிவு என்றால், அதைப் படிக்க மட்டுமே இயலும்படி பூட்டி, ஒருமுறை நகலெடுத்து, சரிபார்த்து, இரண்டு இடங்களில் வைத்துவிடலாம். மீதி 2 டெராபைட்டுக்கு 10,000 நொடி. மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. பெரிய தரவுத்தளங்களை ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ பகுதி பிரித்து வைப்பதன் பெரும்பயன் இதுதான்.

மூன்றாவது, மாறியதை மட்டும் நகலெடுத்தல். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முழு நகல், வேறுபாட்டு நகல், மாற்றக் குறிப்பேடு

ஞாயிறு இரவு முழு நகல் எடுக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 50 கிகாபைட் தரவு புதிதாகச் சேர்கிறது அல்லது மாறுகிறது என்று கொள்வோம்.

முந்தைய நகலுக்குப் பின் மாறியதை மட்டும் தினமும் எடுப்பது ஒரு முறை. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை இரவு கோளாறு வந்தால் ஞாயிறு நகலோடு திங்கள் முதல் அடுத்தடுத்த ஒவ்வொரு நாளின் நகலும் வேண்டும். நடுவில் புதன்கிழமை நகல் கெட்டுப்போனால் அதற்குப் பிந்தையவை பயன்படா.

ஞாயிற்றுக்குப் பின் மாறிய அனைத்தையும் ஒவ்வொரு நாளும் எடுப்பது இன்னொரு முறை. சனிக்கிழமை நகல் 300 கிகாபைட் வரை வளரலாம். எடுக்க 25 நிமிடம் ஆகும். மீட்கும்போது ஞாயிறு நகலும் கடைசி நகலும் மட்டும் போதும். தினமும் சில நிமிடம் கூடுதலாகச் செலவழித்து, மீட்கும் நாளில் ஆபத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

இவ்விரண்டோடும் சேர்ந்து வருவது மாற்றக் குறிப்பேடு. தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் வரிசையாக, நேரத்தோடு எழுதப்படும். கடையில் நாள் முழுவதும் எழுதும் சிட்டாவைப் போன்றது இது. பேரேடு தொலைந்தாலும் பழைய இருப்பும் சிட்டாவும் இருந்தால் மறுபடி எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வட்டு பழுதானால், வியாழன் இரவு நிலைவரை நகலிலிருந்து மீட்டு, அதன்பின் நடந்தவற்றைக் குறிப்பேட்டின்படி நிகழ்த்தி, ஏறத்தாழ 2 மணி நிலைக்கே வந்துவிடலாம். ஒருவர் 11.40க்கு ஒரு வகுப்பின் மதிப்பெண்களைத் தெரியாமல் அழித்துவிட்டால், 11.39 நிலையில் நிறுத்தவும் முடியும்.

திட்டத்துக்கு முன் இரண்டு கேள்விகள்

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தது.

1. எவ்வளவு நேரத்துப் பதிவை இழந்தால் தாங்கிக்கொள்ளலாம்?
2. எவ்வளவு நேரம் பணி நின்றால் தாங்கிக்கொள்ளலாம்?

கணினித் துறையினர் முதலாவதை ஆர்.பி.ஓ. என்றும் இரண்டாவதை ஆர்.டி.ஓ. என்றும் அழைக்கின்றனர். ஆர்.டி.ஓ. என்றதும் நமக்கு ஓட்டுநர் உரிமம்தான் நினைவுக்கு வரும். மாணவர்கள் சிரித்துவிட்டு மறக்காமல் வைத்துக்கொள்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் எல்லாப் பதிவுக்கும் ஒரே விடை இல்லை. இன்றைய காலை வருகைப்பதிவு போனால் வகுப்பாசிரியரைக் கேட்டு மறுபடி ஏற்றிவிடலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் இறுதி செய்யும் நாளில் ஒரு பெயர் போனாலும் அது தாங்க முடியாத இழப்பு. ஐந்தாண்டுக்கு முந்தைய வருகைப்பதிவு ஒரு வாரம் கிடைக்காமல் இருந்தால் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. மாற்றுச் சான்றிதழ் ஜூன் மாதத்தில் இரண்டு நாள் நின்றால் பள்ளி வாசலில் பெற்றோர் நிற்பார்கள். எனவே எது முதலில் மீள வேண்டும் என்ற வரிசையை முன்கூட்டியே எழுதிவைப்பது பெரிய தரவுத்தளத் திட்டத்தின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். முழுவதும் மீளும்வரை காத்திராமல் தேவையான பகுதியை முதலில் திறந்துவிட அது உதவும்.

இரண்டு சாவியும் ஒரே கொத்தில்

திண்டுக்கல் பூட்டு நம் மாவட்டத்தின் அடையாளம். பூட்டு வாங்கினால் ஒன்றுக்கு மேற்பட்ட சாவி தருவார்கள். எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோத்து வைத்தால் கொத்து தொலையும் நாளில் என்ன ஆகும் என்று கேட்டால், ஆறாம் வகுப்புக் குழந்தையும் சரியாக விடை சொல்கிறது. நகலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் அதே விடைதான்.

துறையில் 3-2-1 என்று ஒரு விதி உண்டு. தரவின் 3 பிரதிகள். 2 வேறுவேறு வகைச் சாதனங்களில். அவற்றில் 1 வேறு இடத்தில். தமிழ்நாடு அரசின் மாநிலத் தரவு மையம் சென்னை பெருங்குடியில் உள்ளது. அதற்கான பேரிடர் மீட்பு மையம் திருச்சியில் அமைக்கப்பட்டுள்ளது. இடையில் சுமார் 300 கிலோமீட்டர். கடலோரச் சென்னையில் புயலோ வெள்ளமோ வரும் அதே நாளில் திருச்சியும் பாதிக்கப்படும் வாய்ப்பு குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் வீடுகளிலிருந்த சான்றிதழ்கள் நனைந்து அழிந்தபோது, அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் சான்றிதழ்களை வழங்கியது. வீட்டுப் பிரதி போனாலும் வழங்கிய துறையிடம் பதிவு இருந்ததால்தான் அது இயன்றது.

இதற்கு மாறான நிகழ்வு தென்கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் அயான் மின்கலங்களில் தீப்பிடித்தது. 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்துவந்த ஜி டிரைவ் என்ற தொகுப்பு எரிந்தது. அதன் அளவு 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் வெளியிடத்தில் நகல் வைக்கப்படவில்லை என்று விளக்கம் தரப்பட்டது.

இந்த விளக்கத்தை மாணவர்களிடமே கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். 858 டெராபைட்டை நொடிக்கு 1 கிகாபைட் வேகத்தில் நகலெடுத்தால் 8,58,000 நொடி. 10 நாளுக்குச் சற்றுக் குறைவு. முதல் நகலுக்கு 10 நாள். பிறகு மாறியதை மட்டும். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் கணக்குப்படி முடியாத வேலை அல்ல. தினமும் முழுவதையும் நகலெடுக்க முடியாது என்பதால் நகலே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

கண்ணாடிப் பிரதி காப்பு நகல் ஆகுமா?

முதன்மைச் சர்வரில் நடப்பதை அப்படியே உடனுக்குடன் செய்யும் இரண்டாவது சர்வர் ஒன்றை வைப்பதுண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று வேலை செய்யும், பணி நிற்காது. ஆனால் முதன்மைச் சர்வரில் தவறுதலாக 1,000 பதிவுகளை அழித்தால் இரண்டாவதிலும் அவை அழியும். கண்ணாடி நாம் செய்வதையெல்லாம் செய்யும். நேற்று எப்படி இருந்தோம் என்று காட்டாது. இரண்டும் தேவை, ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் பறிக்கும் இணையத் தாக்குதலிலும் இதுவே நிலை. 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இப்படித் தாக்கப்பட்டது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நோயாளிகள் பதிவு முதல் எல்லாம் கையால் எழுதும் நிலை வந்தது. பாதிக்கப்படாத ஒரு காப்புச் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவு மீட்கப்பட்டு, பெரும்பாலான சேவைகள் இரண்டு வாரங்களுக்குப் பின் இயங்கத் தொடங்கின. இந்நிகழ்வு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தாக்குதல் எட்டாத ஒரு நகல் இருந்ததால் தரவு பிழைத்தது. அப்படி நகல் இருந்தும் பணி மீள இரண்டு வாரம் ஆனது.

இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசின் மேகக் கணினி அமைப்பு இதேபோல் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரசு மின்னஞ்சல்களுக்குத் தனியே நகல் இல்லாததால் அவை இழக்கப்பட்டன. வலைப்பின்னலில் இணைக்காமல் வைக்கும் நகல் ஒன்று ஏன் வேண்டும், அதை ஏன் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஒத்திகை இல்லாத திட்டம்

மென்பொருள் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவை அழித்தார். சுமார் 300 கிகாபைட் சில நொடிகளில் போயிற்று. அந்நிறுவனத்தில் காப்பு முறைகள் ஒன்றல்ல, பல இருந்தன. ஆனால் தினசரி நகல் சேரவேண்டிய இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்புகள் ஒத்துப்போகாததால் நகலெடுப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பின. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அதை மெதுவான வட்டுகளிலிருந்து திரும்பக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆயிற்று. நடந்ததை மறைக்காமல் அந்நிறுவனம் முழு அறிக்கையாக வெளியிட்டதால் உலகம் முழுவதும் இது பாடமாகிவிட்டது.

தீத்தடுப்பு ஒத்திகை நடத்தாத பள்ளியில் சுவரில் தொங்கும் தீயணைப்பான் எப்படியோ, மீட்டுப் பார்க்காத நகலும் அப்படியே. பெரிய தரவுத்தளத்தை மாதந்தோறும் முழுவதும் மீட்டுப் பார்ப்பது கடினம். ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதியைத் தனிச் சர்வரில் மீட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழு ஒத்திகை நடத்தலாம். ஒத்திகையில் குறிக்க வேண்டியவை மூன்று: எவ்வளவு நேரம் ஆனது, பதிவுகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் மூலத்தோடு ஒத்தனவா, வழக்கமாகச் செய்பவர் அல்லாத ஒருவரால் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து மீட்க முடிந்ததா.

வகுப்பறைச் செயல்பாடு (40 நிமிடம்)

கணினி தேவையில்லை. தாள், பென்சில், அழிப்பான், கடிகாரம் போதும்.

ஒரு தாளில் 30 பெயர்களும் மதிப்பெண்களும் கொண்ட மூலப்பதிவேட்டைப் பென்சிலால் எழுதி மேசையில் வைக்கவும். ஒரு மாணவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு மாற்றம் செய்துகொண்டே இருப்பார். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரிக்கவும்.

- அ குழு: தொடக்கத்தில் ஒருமுறை முழுவதையும் நகலெடுக்கும்.
- ஆ குழு: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தொடக்கத்திலிருந்து மாறிய வரிகளை எல்லாம் எழுதும்.
- இ குழு: ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை எண், நேரத்தோடு குறிக்கும்.
- ஈ குழு: இன்னொரு தாளில் மூலத்தில் நடப்பதை அப்படியே உடனே செய்யும்; அழித்தால் அழிக்கும்.

25 நிமிடம் ஆனதும் ஆசிரியர் மூலத்தில் 10 வரிகளை அழிக்கவும். ஈ குழுவும் விதிப்படி அழிக்கும். இப்போது அழிப்பதற்கு முந்தைய நிலையை மீட்கச் சொல்லவும்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்தபோது, அ குழுவின் நகல் பழையதாக இருந்தது. இ குழுவிடம் மாற்றங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் எதன்மேல் நிகழ்ந்த மாற்றம் என்று தெரியவில்லை. சிறிது நேர வாக்குவாதத்துக்குப் பின் இ குழுவினர் எழுந்து அ குழுவின் மேசைக்குப் போனார்கள். முழு நகலும் குறிப்பேடும் சேர்ந்தால்தான் மீட்பு என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈ குழுவில் ஒரு மாணவி, "நாங்கதான் சார் எல்லாரையும்விட அதிகமா உழைச்சோம், எங்ககிட்டதான் ஒண்ணுமே இல்ல" என்றாள். கண்ணாடிப் பிரதி பற்றிய பாடம் அதில் முடிந்துவிட்டது.

முடிவில் மதிப்பெண் கூட்டுத்தொகையைக் கொண்டு மீட்ட பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லவும். இரண்டு வரிகளில் எதிரெதிர் பிழை இருந்தால் கூட்டுத்தொகை ஒத்துப்போகுமே என்று ஒரு மாணவராவது கேட்பார். கணினியில் இதைவிட வலுவான சரிபார்ப்பு எண்கள் ஏன் தேவை என்பதை அங்கிருந்து தொடங்கலாம்.

பள்ளி அளவில் நாம் செய்யக்கூடியவை

மாநிலத் தரவுத்தளத்தைப் பேணுபவர்கள் வேறு. ஆயினும் அதற்குள் செல்லும் பதிவின் முதல் ஊற்று பள்ளிதான். சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையும் நிரந்தரப் பதிவுகள். ஐம்பது வயதுக்காரர் பிறந்த தேதிச் சான்று கேட்டு வரும்போது நாம் திறப்பது அந்தப் பதிவேட்டைத்தான். எமிஸ் வந்துவிட்டது என்பதற்காக அதைக் கரையானுக்கு விட்டுவிடக் கூடாது. தரையிலும் ஈரச்சுவர் ஓரமும் வைக்காமல் பீரோவில் வைக்க வேண்டும்.

பள்ளியே தயாரிக்கும் கோப்புகளுக்கு வாரம் ஒரு நகல் எடுக்கலாம். அதைக் கணினியோடு செருகியே வைக்காமல் கழற்றிப் பூட்டி வைக்கலாம். பருவத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நகல் கூடக் கூட, கசியும் வழியும் கூடுகிறது. மாணவர்களின் ஆதார் எண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும் உள்ள கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைப்பது காப்பு நகல் ஆகாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 குழந்தைகளின் தரவுக்குத் தனிக் கவனம் தருகிறது. நகலைக் கடவுச்சொல்லால் பூட்ட வேண்டும். அந்தக் கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கக் கூடாது. பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் நகலும் அவரோடு போனது போலத்தான். ஒரு பக்கத் திட்டமாக எழுதி, தலைமையாசிரியர் பொறுப்பில் மூடிய உறையில் வைத்து, பொறுப்பு ஒப்படைக்கும்போது அதையும் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்துப் பெறுவது நல்ல வழக்கம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 6 டெராபைட் தரவை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க எத்தனை மணி நேரம் ஆகும்? மூன்று வழிகளில் ஒரே சமயத்தில் எடுத்தால்?
2. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் 10 டெராபைட்டை மீட்க எவ்வளவு நேரம் ஆகும்?
3. கண்ணாடிப் பிரதி எந்த ஆபத்திலிருந்து காக்கும்? எதிலிருந்து காக்காது?
4. உங்கள் பள்ளியின் ஐந்து வகைப் பதிவுகளை, முதலில் மீட்க வேண்டியது முதல் கடைசிவரை வரிசைப்படுத்துக. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.
5. உங்கள் வீட்டில் குடும்ப அட்டை, பட்டா, சாதிச் சான்றிதழ் ஆகியவை எங்கே உள்ளன? வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் எது மிஞ்சும்? பெற்றோருடன் பேசி எழுதுக.

ஐந்தாவது வினாவை வீட்டுப்பாடமாகத் தருவது நல்லது. எங்கள் வகுப்பில் அதன்பிறகு சில வீடுகளில் சான்றிதழ்கள் தகரப்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு டிஜிலாக்கரிலும் ஏறின.